வகுத்தல் கற்பித்தலில் பயிற்சி வினாக்களின் மொழி

1. முன்னுரை

தொடக்கக் கல்வியில் கற்பிக்கப்பெறும் அடிப்படைக் கணக்குகள் நான்கனுள் இறுதியில் நிற்பது வகுத்தல். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் ஓரளவு கைவரப்பெற்ற மாணவரும் வகுத்தலில் இடர்ப்படுவதை ஆசிரியர் பலரும் அறிவர். ‘ஏசர்’ என வழங்கும் கல்வி நிலை ஆண்டறிக்கை இதற்கு எண்வழிச் சான்று தருகின்றது. ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று மேற்கொள்ளப்படும் இக்கணக்கெடுப்பில், மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்குமாறு மாணவர்க்குக் கணக்கொன்று தரப்படுகின்றது. 2022ஆம் ஆண்டில் ஐந்தாம் வகுப்பு மாணவருள் இக்கணக்கைச் செய்யவல்லோர் நூற்றுக்கு 25.6 பேர், 2024இல் இத்தொகை 30.7 ஆக உயர்ந்தது. உயர்வு வரவேற்கத்தக்கதே. எனினும் ஐந்தாண்டுப் பள்ளிக்கல்வியின் இறுதியில் பத்துப் பேருள் எழுவருக்கு வகுத்தல் எட்டவில்லை என்பதே இதன் பொருள்.

இந்நிலையை மாற்றப் பயிற்சியை மிகுவிக்க வேண்டும் என்பது பொதுவாகக் கூறப்படும் தீர்வு. பயிற்சி வேண்டற்பாலதே, ஆயினும் எத்தகைய பயிற்சி என்னும் வினா அதனினும் முதன்மையானது. ஒரே வடிவில் அமைந்த நூறு கணக்குகள் ஒரே திறனை நூறு முறை சோதிக்குமேயன்றி, வகுத்தல் என்னும் கருத்தை விளக்கமாட்டா. வகுத்தலுக்குரிய பயிற்சி வினா எவ்வெப் பொருள்களைத் தாங்கி வரவேண்டும், தமிழில் அவ்வினாத்தொடர் எவ்வாறு அமைகின்றது, அவ்வமைப்பில் மாணவர் இடறும் இடங்கள் யாவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. வகுத்தல் வினாவின் தரத்தை எண்களின் கடுமை மட்டும் முடிவு செய்வதில்லை. தொடரின் பொருளும் இலக்கணமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன என்பது இங்கு நிறுவப்பெறும் கருத்தாகும்.

2. ஒரு குறியீடு, இரு பொருள்

கீழ்வரும் இரு வினாக்களை ஒப்பிட்டு நோக்குக.

(அ) 12 மாம்பழங்களை 3 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை பழம் கிடைக்கும்?

(ஆ) 12 மாம்பழங்களைக் கூறு ஒன்றுக்கு 3 பழமாக வைத்தால் எத்தனை கூறு அமையும்?

இரண்டிற்கும் எழுதப்படும் கணக்கு 12 ÷ 3 = 4 என்பதே. ஆயினும் இரண்டும் வெவ்வேறு செயல்கள். முதல் வினாவில் பங்குகளின் எண்ணிக்கை தெரியும். ஒரு பங்கின் அளவு தெரியாது. இரண்டாவதில் ஒரு பங்கின் அளவு தெரியும். பங்குகளின் எண்ணிக்கை தெரியாது. புளியங்கொட்டைகளைக் கையில் கொடுத்துச் செய்யச் சொன்னால் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். முதல் வினாவிற்குக் குழந்தை மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, இடத்திற்கு ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றி வைக்கும். இரண்டாம் வினாவிற்கு மூன்று மூன்றாக எடுத்துத் தனித்தனியே குவிக்கும். முதல் விடை ‘4 பழம்’. இரண்டாம் விடை ‘4 கூறு’. முதல் வகையைப் பங்கிடல் என்றும் இரண்டாம் வகையைக் கூறிடல் என்றும் இக்கட்டுரை வழங்குகின்றது. சந்தையில் காய்கனிகளைக் கூறு வைத்து விற்கும் வழக்கம் தமிழர் அனைவர்க்கும் பழக்கமானதாதலின் இரண்டாம் பெயர் எளிதில் விளங்கும்.

இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் பயிற்றினால் போதாதா என ஐயுறலாம். போதாது. மேல்வகுப்புகளில் வரும் கணக்குகள் இதனைத் தெளிவுறுத்தும். 6 ÷ ½ என்னும் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆறு லிட்டர் பாலை ‘அரை ஆளுக்குப்’ பங்கிடுதல் என்பது பொருளற்றது. ஆனால் ஆறு லிட்டர் பாலை அரை லிட்டர் புட்டிகளில் ஊற்றினால் எத்தனை புட்டி நிறையும் என்பது பொருளுடையது, விடை 12. ஈண்டுக் கூறிடற் பொருளே துணை செய்கின்றது. மறுதலையாக, 3 ÷ 4 என்பதை நான்கு நான்காக எடுத்தல் என்று கொண்டால் ஒரு முறைகூட எடுக்க இயலாது. மூன்று தோசையை நால்வருக்குப் பங்கிடுதல் என்று கொண்டால் ஆளுக்கு முக்கால் என்பது விளங்கும். ஈண்டுப் பங்கிடற் பொருளே வேண்டப்படுகின்றது. சுழியால் வகுக்க இயலாமைக்கும் கூறிடலே எளிய விளக்கம் தரும்: ஐந்து பழத்திலிருந்து ‘சுழி பழமாக’ எத்தனை முறை எடுத்தாலும் ஐந்தும் அப்படியே இருக்கும், எடுத்தல் முடிவுறாது.

இத்தாலிய மாணவரிடையே ஃபிஷ்பைனும் அவர்தம் குழுவினரும் மேற்கொண்டு 1985இல் வெளியிட்ட ஆய்வு, வகுத்தலைப் பற்றி மாணவர் உள்ளத்தில் முதலில் ஊன்றுவது பங்கிடற் பொருளே என்றும், கூறிடற் பொருள் பள்ளிக்கல்வியின் பயனாகப் பின்னரே வந்து சேர்கின்றது என்றும் கருத்துரைத்தது. பங்கிடல் வீட்டிலேயே பழகும் செயல். தின்பண்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் குழந்தை அதனைப் பள்ளிக்கு வருமுன்னரே அறியும். எனவே பள்ளி தன் பொறுப்பாகக் கொள்ளவேண்டியது, அறிந்த பங்கிடலிலிருந்து அறியாத கூறிடலுக்கு மாணவரை அழைத்துச் செல்வதாகும்.

3. கலைச்சொற்கள் காட்டும் சான்று

இவ்விரு பொருள்களும் இந்திய மொழிகளின் கணக்குச் சொற்களிலேயே பதிந்து கிடக்கின்றன. வடமொழிக் கணித நூல்களில் வகுத்தலுக்குப் ‘பாகஹாரம்’ என்பது பெயர். இச்சொல்லின் முதற்பகுதி பங்கு என்றும், இரண்டாம் பகுதி எடுத்தல் அல்லது நீக்குதல் என்றும் பொருள்படும். பங்கிடலும் எடுத்தலும் ஒரே தொகைச்சொல்லில் இணைந்து நிற்கின்றன. தெலுங்கு ‘பாகஹாரம்’ என்பதை வழங்குகின்றது. கன்னடமும் மராத்தியும் ‘பாகாகார’ என்கின்றன. இந்தி ‘பாக்’ என்னும் முற்பகுதியை மட்டும் கொண்டது. மலையாளம் ‘ஹரணம்’ எனப் பிற்பகுதியைக் கொண்டது. ஒரே கணக்கை இந்தி பங்காகவும் மலையாளம் நீக்கமாகவும் பெயரிட்டிருப்பது எண்ணி இன்புறத்தக்கது.

தமிழோ தன் வேர்ச்சொற்களைக் கொண்டே இத்துறையை அமைத்துக்கொண்டது. ‘வகு’ என்னும் வினை பிரித்தல், முறைப்படுத்துதல், பகிர்ந்தளித்தல் ஆகிய பொருள்களைத் தரும். வகை, வகுப்பு ஆகிய சொற்கள் இதனின்று பிறந்தவை. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் பொருளை உண்டாக்கல், சேர்த்தல், காத்தல் ஆகியவற்றோடு வகுத்தலையும் அரசின் ஆற்றலாக எண்ணுகின்றது. அங்கு அச்சொல் உரிய துறைகளுக்குப் பகுத்துச் செலவிடுதலைக் குறிக்கும்.

வகுத்துப் பெறும் விடைக்கு ‘ஈவு’ என்பது பெயர். இது ‘ஈ’ என்னும் கொடைப்பொருள் வினையிலிருந்து தோன்றியது. ஒவ்வொருவருக்கும் ஈயப்பட்டது எதுவோ அதுவே ஈவு. காரிநாயனார் இயற்றியதாக வழங்கும் கணக்கதிகார மரபில், பலாப்பழத்தைப் பிளவாமலே அதன் சுளைகளைக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. காம்பருகிலுள்ள முட்களை எண்ணி, அத்தொகையை ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கவேண்டும் என்பது அம்முறை. முட்கள் 100 எனின் சுளைகள் 120. இது மெய்யாகப் பொருந்துமா என்பது ஈண்டு ஆய்வுக்குரியதன்று. வகுத்தலை ‘ஐந்தினுக்கு ஈதல்’ என அச்செய்யுள் குறிப்பதே கருதத்தக்கது. இக்காலப் பாடநூல் ‘ஐந்தால் வகு’ என மூன்றாம் வேற்றுமையில் சொல்லுவதைப் பழங்கணக்கு ‘ஐந்தினுக்கு ஈ’ என நான்காம் வேற்றுமையில் சொல்லியது. முன்னது கருவிப்பொருளில் அமைந்த பொதுத்தொடர். பின்னது கொடைப்பொருளில் அமைந்த, பங்கிடலைக் கண்முன் நிறுத்தும் தொடர்.

வடமொழியில் இதே விடைக்கு ‘லப்தி’ என்று பெயர். பெறப்பட்டது என்பது அதன் பொருள். கொடுப்போர் நோக்கில் தமிழ் பெயரிட்டது. பெறுவோர் நோக்கில் வடமொழி பெயரிட்டது. ஈவு என்னும் சொல்லை வெறுங் கலைச்சொல்லாக மனப்பாடம் செய்விக்காமல், ஈதல் என்னும் வினையோடு இணைத்து ஆசிரியர் விளக்குவாராயின் அச்சொல் மாணவர் நினைவில் நிலைபெறும்.

4. வினாத்தொடரின் இலக்கணம்

பயிற்சி வினாக்களில் வகுத்தலைக் குறிக்கும் ‘திறவுச்சொற்கள்’ சிலவற்றை மாணவர்க்குக் கற்பிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. ‘ஆளுக்கு’, ‘வீதம்’, ‘ஒவ்வொரு’ ஆகியன வந்தால் வகுக்கவேண்டும் என்பது போன்ற குறிப்புகள் அவை. இவ்வழக்கம் விரைவில் பயன் தருவதுபோல் தோன்றினும் இறுதியில் தீங்கே விளைக்கும். கீழ்வரும் மூன்று வினாக்கள் அதனைக் காட்டும்.

(அ) 24 ஏடுகளை 6 மாணவருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை ஏடு?

(ஆ) 24 ஏடுகளை ஆளுக்கு 6 வீதம் கொடுத்தால் எத்தனை மாணவருக்குக் கொடுக்கலாம்?

(இ) ஆளுக்கு 6 ஏடு வீதம் 4 மாணவருக்குக் கொடுக்க எத்தனை ஏடு வேண்டும்?

மூன்றிலும் ‘ஆளுக்கு’ என்னும் சொல் உண்டு. முதலது பங்கிடல், இரண்டாவது கூறிடல், மூன்றாவதோ பெருக்கல். சொல்லைத் தேடிக் கணக்கைத் துணியும் மாணவர் மூன்றாவதில் 6ஐ 4ஆல் வகுக்கத் தொடங்குவர். கணக்கைத் தீர்மானிப்பது சொல்லன்று. அச்சொல் எதனோடு இயைந்து நிற்கின்றது என்பதேயாகும். ‘ஆளுக்கு’ என்பது வினாச்சொல்லோடு இயைந்து ‘ஆளுக்கு எத்தனை’ என வரின் ஒரு பங்கின் அளவு கேட்கப்படுகின்றது, எனவே பங்கிடல். அது எண்ணோடு இயைந்து ‘ஆளுக்கு 6’ என வரின் ஒரு பங்கின் அளவு தரப்பட்டுள்ளது. மொத்தமும் தரப்பட்டிருப்பின் கூறிடல், மொத்தம் கேட்கப்படின் பெருக்கல். வினாவைப் படித்தவுடன் ‘தெரிந்தவை எவை, தெரியாதது எது’ என மாணவரைச் சொல்லச் செய்வதே திறவுச்சொல்லினும் வலிய வழி.

கூறிடலைக் குறிக்கத் தமிழுக்கு உரிய இலக்கண வடிவம் எண்ணுப்பெயர் இரட்டித்தல் ஆகும். ஒவ்வொன்று, இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, ஐவைந்து, அவ்வாறு, எவ்வேழு, எவ்வெட்டு, பப்பத்து என இவை வரும். ஒன்பது நீங்கலாக ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்கள் இங்ஙனம் இரட்டிப்பதற்கு நன்னூல் விதி கூறுகின்றது. ‘12 பழங்களை மும்மூன்றாகக் கூறு வை’ என்னும் தொடர் செறிவும் அழகும் உடையது. எனினும் பயிற்சி வினாவில் இவ்வடிவங்களை ஆளுங்கால் விழிப்பு வேண்டும். ‘24 பழங்களை அவ்வாறாகப் பிரி’ என எழுதினால், ‘அந்த விதமாக’ என்னும் பொருளையே இன்றைய மாணவர் கொள்வர். ஆறு என்னும் எண் அவர் கண்ணுக்குப் புலப்படாது. நந்நான்கு, எவ்வேழு ஆகியனவும் பேச்சு வழக்கில் இல்லாதவை. வீட்டில் ‘மூணுமூணா’, ‘ஆறாறா’ என்று கேட்டுப் பழகிய குழந்தைக்கு ‘மூன்று மூன்றாக’, ‘ஆறு ஆறாக’ என்னும் எழுத்து வடிவங்களே அணுக்கமானவை. கணக்கின் கடுமையோடு மொழியின் கடுமையையும் சேர்த்து ஏற்றினால், மாணவர் தவறியது எதில் என்பதை ஆசிரியர் அறியவியலாமற் போகும்.

‘சமமாக’ என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. ‘12 பழங்களை 3 பேருக்குப் பங்கிடு’ என்று மட்டும் எழுதினால் ஒருவருக்கு ஆறும் மற்றிருவருக்கு மும்மூன்றும் கொடுப்பது தவறாகாது. வகுத்தலின் உயிர்நிலை சமம் என்பதாகலின் தொடக்கநிலை வினாக்களில் அச்சொல் விடுபடலாகாது.

தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயிலும் மாணவர்க்கு மற்றுமோர் இடர் உண்டு. மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் பயிலும் குழந்தை தெருவில் மராத்தியும் இந்தியும் கேட்கின்றது. பெங்களூரில் கன்னடவழியில் பயிலும் தமிழ்க் குழந்தை பள்ளியில் ‘பாகாகார’ என்றும் வீட்டில் ‘பங்கு’ என்றும் கேட்கின்றது. இத்தகைய வகுப்பறைகளில் வினாவை முதலில் பொருள்களைக் கொண்டு செய்துகாட்டி, பின்னர்த் தமிழில் சொல்லச் செய்து, அதன்பின் கலைச்சொல்லை அறிமுகம் செய்தல் நன்று. செயல் ஒன்றாயின் பெயர் எம்மொழியில் அமையினும் குழப்பம் நேராது.

5. செய்முறையும் அதன் பேச்சும்

பொருள் விளங்கியபின் வருவது நீள்வகுத்தல். இங்கு ஒரு நுண்ணிய இடைவெளி கவனிக்கப்படாமற் போகின்றது. பாடம் பங்கிடலில் தொடங்குகின்றது. ஆனால் கரும்பலகையில் கணக்குச் செய்யும் ஆசிரியர் ‘ஏழில் மூன்று எத்தனை முறை உள்ளது?’ என்று வினவுகின்றார். இது கூறிடலின் பேச்சு. அறிவிப்பின்றி ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குத் தாவுவதால், தான் கற்ற பங்கிடலுக்கும் பலகையில் நிகழும் செயலுக்கும் உறவு காணாத மாணவர் படிகளை மட்டும் மனப்பாடம் செய்கின்றனர்.

இதனைத் தவிர்க்கப் பணத்தாள் வழியான வினாக்கள் உதவும். 75 ரூபாயை மூவருக்குச் சமமாகப் பங்கிடவேண்டும். கையில் பத்து ரூபாய்த் தாள்கள் 7, ஒரு ரூபாய் நாணயங்கள் 5. தாள்களை ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தால் ஒன்று எஞ்சும். அதனைச் சில்லறையாக மாற்றினால் நாணயங்கள் 15, ஆளுக்கு ஐந்து. ஒவ்வொருவர்க்கும் கிடைத்தது 25 ரூபாய். நீள்வகுத்தலில் ‘ஐந்தைக் கீழே இறக்குதல்’ எனப்படும் படி, சில்லறை மாற்றி ஒன்றாகச் சேர்த்தலே என்பதை மாணவர் இதனால் உணர்வர். மேலும், இடப்பக்கத்திலிருந்து தொடங்குவது ஏன் என்னும் ஐயமும் தீரும். கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றும் வலப்பக்கம் தொடங்க, வகுத்தல் மட்டும் இடப்பக்கம் தொடங்குவதற்குக் காரணம், பெரிய தாள்களை முதலில் பங்கிட்டு எஞ்சியதைச் சில்லறையாக்குவது எளிது என்பதேயாகும்.

எண்களைத் தேர்ந்தெடுப்பதிலும் படிமுறை வேண்டும். 48 ÷ 4 என்பதில் ஒவ்வோர் இலக்கமும் மீதியின்றி வகுபடும். 75 ÷ 3 என்பதில் பத்தின் மீதியை மாற்றவேண்டும். 156 ÷ 4 என்பதில் முதலிலக்கம் வகுக்கும் எண்ணைவிடச் சிறியது, ஒரு நூறை நால்வருக்கு அப்படியே கொடுக்கவியலாமையால் பதினைந்து பத்துகளாகக் கொள்ளவேண்டும், ஈவு 39. இவற்றுள் மிகுதியான பிழை விளைவது ஈவின் நடுவே சுழி வரும் கணக்கில்தான். 618 ÷ 6 என்பதற்கு 13 என எழுதுவோர் பலர். ஒரு பத்தை அறுவருக்குக் கொடுக்கவியலாது என்பதை அறிந்தும், கொடுக்கவில்லை என்பதைச் சுழியால் குறிக்க அவர்கள் தவறுகின்றனர். ‘அறுநூறு ரூபாயை அறுவருக்குக் கொடுத்தாலே ஆளுக்கு எவ்வளவு?’ என்னும் முன்வினா இப்பிழையைத் தடுக்கும். விடை நூறுக்கு மேல் இருக்கவேண்டும் என மதிப்பிட்டுக்கொண்ட மாணவர் 13 என்பதை ஏற்கமாட்டார்.

விடையைச் சரிபார்த்தலும் பயிற்சியின் பகுதியே. பாஸ்கராச்சாரியார் 1150இல் இயற்றிய ‘லீலாவதி’யில் 135ஐ 12ஆல் பெருக்கி 1620 பெறும் கணக்கு முதலில் வருகின்றது, வகுத்தலுக்கு எடுத்துக்காட்டாக அதே 1620ஐ 12ஆல் வகுக்கும் கணக்கு தரப்படுகின்றது. புதிய எண்களைத் தேடாமல் பெருக்கலின் விடையையே வகுத்தலின் வினாவாக ஆக்கிய இம்முறை, இரண்டும் ஒன்றற்கொன்று எதிர்ச்செயல் என்பதை விளக்கவுரையின்றியே உணர்த்துகின்றது.

6. மீதியின் பொருள்

மீதியுள்ள வகுத்தலில்தான் வினாவின் மொழி தன் முழு ஆற்றலையும் காட்டுகின்றது. 26 ÷ 4 என்னும் ஒரே கணக்கு நான்கு வினாக்களில் நான்கு விடைகளைத் தரும்.

(அ) 26 மீட்டர் கயிற்றிலிருந்து 4 மீட்டர் நீளமுள்ள துண்டுகள் எத்தனை வெட்டலாம்? விடை 6.

(ஆ) ஒரு படகில் 4 பேர் மட்டுமே ஏறலாம். 26 பேரும் ஒரே வேளையில் ஆற்றைக் கடக்க எத்தனை படகு வேண்டும்? விடை 7.

(இ) 26 பழங்களை நான்கு நான்காகக் கூறு வைத்தபின் எஞ்சுவன எத்தனை? விடை 2.

(ஈ) 26 ரூபாயை 4 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு? விடை 6 ரூபாய் 50 காசு.

ஈவு 6, மீதி 2 என எழுதி நிறுத்திக்கொள்ளும் மாணவர் கணக்கைச் செய்தவரே அன்றி, வினாவிற்கு விடை கூறியவர் ஆகார். அமெரிக்க நாட்டில் பதின்மூன்று வயதினர்க்கு நடத்தப்பெற்று 1983இல் முடிவுகள் வெளியான தேசிய மதிப்பீட்டில் புகழ்பெற்ற வினா ஒன்று இடம்பெற்றது. பேருந்து ஒன்றில் 36 வீரர் செல்லலாம். 1128 வீரர்க்கு எத்தனை பேருந்து வேண்டும் என்பது அது. நூற்றுக்கு எழுபதின்மர் அளவில் வகுத்தலைச் சரியாகவே செய்தனர். ஆயினும் 32 என்னும் சரியான விடையை அளித்தோர் நூற்றுக்கு 23 பேர் மட்டுமே. ‘31, மீதி 12’ என்று எழுதினோர் 29 பேர். மீதிப்பட்ட வீரர் பன்னிருவரும் எவ்வாறு செல்வர் என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை. செய்முறைப் பயிற்சி மட்டும் மிகுந்து, பொருட்பயிற்சி குறைந்ததன் விளைவு இது.

தமிழ்க் கணக்கு மரபில் மீதியைக் கீழ்வாயிலக்கங்களாகத் தொடர்ந்து பகுப்பதற்குரிய பெயர்கள் நிரம்ப உள்ளன. அரை, கால், அரைக்கால், வீசம் என இரண்டிரண்டாகப் பகுக்கும் வரிசை ஒன்று. இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி என்னும் வரிசை மற்றொன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியே இவை மனப்பாடமாக்கப்பெற்றன. இன்றும் வழக்கிலுள்ள அரை, கால், முக்கால் ஆகிய சொற்களைப் பயன்படுத்தி, ‘26ஐ நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆறரை’ என்று சொல்லப் பழக்குவது, மீதியிலிருந்து பின்னத்திற்குச் செல்லும் பாதையை எளிதாக்கும்.

மீதியைப் பற்றி மற்றுமொரு வகை வினாவும் பயனுடையது. ‘29ஐ 4ஆல் வகுத்து ஈவு 6, மீதி 5 என்று ஒரு மாணவி எழுதினாள், சரியா?’ வகுக்கும் எண்ணையும் ஈவையும் பெருக்கி மீதியைக் கூட்டினால் 29 கிடைக்கின்றது. எனவே சரிபார்க்கும் விதிக்கு இது உடன்படுகின்றது. எனினும் எஞ்சிய ஐந்திலிருந்து இன்னும் ஒரு நான்கை எடுக்கலாம், பங்கீடு முற்றுப்பெறவில்லை. மீதி வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருத்தல் வேண்டும் என்னும் நெறியை ஆணையாகக் கூறுவதைவிட இத்தகைய பிழை திருத்தும் வினா நன்கு உணர்த்தும்.

7. வினாநிரலின் அமைப்பு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் பயிற்சி வினாக்களை நிரல்படுத்துவதற்குரிய நெறிகள் சில புலனாகும்.

முதலாவதாக, பொருள்களைக் கையாண்டு செய்யும் வினாக்கள் முன்னும், படம் வரைந்து செய்வன அடுத்தும், எண்ணும் குறியும் மட்டும் கொண்டவை இறுதியிலும் வரவேண்டும்.

இரண்டாவதாக, பங்கிடல் வினாவும் கூறிடல் வினாவும் இணையிணையாக இடம்பெறல் வேண்டும். ஒரே எண்களைக் கொண்டு இரண்டையும் அமைத்து, ‘இவ்விரண்டு நான்கும் ஒன்றா? எவ்வாறு வேறுபடுகின்றன?’ எனக் கேட்டல் சிறப்பு.

மூன்றாவதாக, வகுத்தல் பாடத்தின் இறுதியில் அமையும் பயிற்சி முழுவதும் வகுத்தலாகவே இருத்தலாகாது. அங்ஙனமிருப்பின் வினாவைப் படிக்காமலே பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து மாணவர் வெற்றி பெறுவர். ‘24 ஏடுகளில் 6ஐக் கொடுத்தபின் எஞ்சுவன எத்தனை?’, ‘ஆளுக்கு 6 ஏடு வீதம் 4 பேருக்கு எத்தனை?’ போன்ற கழித்தல், பெருக்கல் வினாக்களும் இடையிடையே கலந்து வரவேண்டும்.

நான்காவதாக, ஒரு வினாவில் ஒரு புதிய கடுமை மட்டுமே இருத்தல் வேண்டும். புதிய இலக்கணத் தொடரை அறிமுகம் செய்யுங்கால் சிறிய எண்களும், பெரிய எண்களை அறிமுகம் செய்யுங்கால் பழகிய தொடர்களும் அமைதல் முறை.

ஐந்தாவதாக, வினாவை மாணவரே இயற்றும் பயிற்சி வேண்டும். ‘35 ÷ 5 என்பதற்கு ஒரு பங்கிடல் கதையும் ஒரு கூறிடல் கதையும் சொல்’ என்னும் பணி, கருத்துத் தெளிவையும் தொடரமைக்கும் திறனையும் ஒருங்கே வெளிப்படுத்தும். கணக்கு ஆசிரியரும் மொழி ஆசிரியரும் ஒருவராகவே விளங்கும் தொடக்கப் பள்ளியில் இதற்குத் தனிநேரம் தேவையில்லை. எழுத்துப்பயிற்சி வேளையிலேயே இதனைச் செய்விக்கலாம்.

ஆறாவதாக, விடையை அலகோடு எழுதச் செய்தல் வேண்டும். ‘7’ என்னும் விடை மாணவர் அறிந்தது எது என்பதைக் காட்டாது. ‘ஆளுக்கு 7 பழம்’ என்றோ ‘7 கூறு’ என்றோ எழுதப்படும் விடையே வினா விளங்கியமைக்குச் சான்றாகும்.

8. முடிவுரை

2021இல் நடுவணரசு தொடங்கிய ‘நிபுண் பாரத்’ இயக்கம், மூன்றாம் வகுப்பின் இறுதிக்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் அனைத்து மாணவர்க்கும் கைகூடவேண்டும் என்பதை இலக்காகக் கொண்டது. எழுத்தறிவும் எண்ணறிவும் ஒருசேரக் கூறப்பட்டிருப்பது பொருத்தமுடையது. வகுத்தல் வினாவைப் பொருத்தவரை அவை இரண்டும் வெவ்வேறல்ல. வேற்றுமை உருபு ஒன்று இடம் மாறினால் பங்கிடல் கூறிடலாகின்றது. வினாச்சொல் ஒன்று மாறினால் ஆறு ஏழாகின்றது. இவ்வேறுபாட்டை உணராத மாணவர் கணக்கில் வலியற்றவர் எனக் கருதப்பட்டுப் பின்தங்குகின்றார். உண்மையில் அவர்க்குக் கணக்கு எட்டாமற் போகவில்லை, வினாவே எட்டாமற் போயிற்று.

எனவே பாடநூல் ஆக்குவோரும் பயிற்சி ஏடு எழுதுவோரும் வினாக்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதினும் அவற்றின் வகையைப் பெருக்குதல் வேண்டும். ஒவ்வொரு வினாவையும் எழுதி முடித்தபின், இது பங்கிடலா கூறிடலா, மீதி என்னவாகின்றது, தொடர் மாணவர் பேசும் தமிழுக்கு எட்டும் தொலைவில் உள்ளதா என்னும் மூன்று கேள்விகளையும் அவர்கள் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளல் நலம். அங்ஙனம் அமைந்த இருபது வினாக்கள், ஒரே அச்சில் வார்த்த இருநூறு கணக்குகளினும் மிகுந்த பயன் தரும்.